நிற்கத் தெரியாத துடியன்

இரண்டு கல்லூரிகள் இருந்த ஒரு காட்டில், பாடம் நடக்கும்போது வகுப்பில் ஆளே இருக்காது. கூடைப்பந்து நடக்கும்போது மரத்தில் உட்காரக் கிளை கிடைக்காது.

ஆற்றுக்கு இந்தக் கரையில் மேட்டுக் கல்லூரி. அதன் அணிக்குத் துடியன் என்ற முயல் தலைவன். அந்தக் கரையில் சேற்றுக் கல்லூரி. அதன் அணி முழுவதும் எருமைகள். அவற்றுக்குக் காரி என்ற பெரிய எருமை தலைவி.

துடியனால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. சாப்பாட்டு வரிசையில்கூடக் குதித்துக்கொண்டேதான் இருப்பான். தூங்கும்போது ஒரு கால் தனியாக ஓடும். தன் அணிக்கு அவன் கற்றுக்கொடுத்த ஆட்டமும் அதே மாதிரிதான்.

"பந்து கிடைத்ததா? ஓடு! கூடை தெரிந்ததா? எறி! என்ன, யோசிக்கிறாயா? அந்த நேரத்துக்கு இன்னொரு தடவை எறிந்திருக்கலாமே!"

இந்த ஆட்டத்துக்கு நல்ல பலன் இருந்தது. காட்டுப்பன்றிகள் தடுப்பதற்கு வரிசைகட்டி நிற்பதற்குள் பந்து கூடைக்குள் போயிருந்தது. நரிகள், "ஆட்டம் ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. இப்படியே வென்று வென்று, மேட்டுக் கல்லூரி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரே எருமைகள்.

அந்தக் காட்டில் வென்றவர்களுக்குக் கோப்பை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் உண்டு. தோற்ற அணி, வென்ற அணியின் விடுதியைக் கோடை முழுவதும் கூட்டிக் கழுவ வேண்டும்.

முயல் புழுக்கை மிளகு அளவு. அணில் புழுக்கை சீரகம் அளவு. எருமைகள் தோற்றால் அவர்களுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் எருமை விடுதி இருக்கிறதே! காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், மேட்டுக் கல்லூரியில் அன்றைக்குச் சோறு மிஞ்சிவிடும். துடியன் ஒருநாள் அங்கே எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்த சாணிக் குவியல் அவன் காதைவிட உயரமாக இருந்தது.

"செத்தாலும் தோற்கக் கூடாது," என்று திரும்பி வரும் வழியெல்லாம் முணுமுணுத்தான்.

இறுதி ஆட்டத்துக்குக் கொக்கு நடுவர். கோட்டோரம் ஒற்றைக் காலில் நின்றது. ஓர் அணி எவ்வளவு நேரம் பந்தை வைத்திருக்கலாம் என்பதற்கு அந்தக் கால்தான் கடிகாரம். கொக்கு கால் மாற்றுவதற்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும். சூரியன் மேற்கு மலையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது.

கொக்கு விசிலடித்தது. துடியன் பறந்தான்!

கீரிச் செம்பி பந்தைத் தட்டினாள். அணில்கள் இரண்டும் அதை ஆளுக்கொரு பக்கம் கடத்தின. மான் மருளி ஒரே தாவலில் பந்தைப் பிடித்துத் துடியனிடம் கொடுத்தாள். துடியன் எறிந்தான். எருமைகள் திரும்ப வேண்டும் என்றால் முதலில் தலை திரும்ப வேண்டும், அப்புறம் கழுத்து, அப்புறம் வயிறு. வயிறு திரும்பும் நேரத்தில் பந்து கூடை வழியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது.

"இது ஆட்டமா, சூறாவளியா!" என்று மந்திகள் கிளையில் தொங்கியபடி கூவின.

இடைவேளையில் மேட்டுக் கல்லூரியின் புள்ளிகள் எருமைகளுடையதைப்போல இரு மடங்கு. துடியன் தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஓடி, எருமைகள் படுத்திருந்த சேற்றுப் பக்கம் காதை நீட்டினான்.

"காரியக்கா, அவர்களைப் பிடிக்கவே முடியவில்லையே," என்று ஒரு எருமை அழாக்குறையாகச் சொன்னது.

"ஏன் பிடிக்க வேண்டும்? ஓடட்டும், விடு," என்றாள் காரி, அசைபோட்டபடி. "நாம் என்ன செய்கிறோம் என்றால்..."

மிச்சத்தைக் கேட்க வேண்டுமானால் அங்கே நிற்க வேண்டும். துடியன் அதற்குள் திரும்பி ஓடி வந்துவிட்டான்.

"பயல்கள் கைவிட்டுவிட்டார்கள்! இன்னும் வேகமாக ஆடுவோம்!" என்றான் தன் அணியிடம்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. இந்த முறை எருமைகள் துரத்தவில்லை. இரண்டு எருமைகள் தங்கள் கூடைக்கு அடியில் போய்ப் பாறைபோல நின்றுகொண்டன. ஓடுகிற ஓட்டத்தில் எறிகிற பந்து எல்லாமுமா கூடைக்குள் விழும்? பாதி விழும், பாதி தெறிக்கும். தெறித்த பந்தை முன்பு அணில்கள் பொறுக்கிக்கொண்டன. இப்போது அது எருமை முதுகில் விழுந்து, அங்கேயே தங்கியது.

பந்து கிடைத்த எருமைகள் ஓடவில்லை. நடந்தன. நடுவில் நின்று அசைபோட்டன. ஒரு எருமை ஈ ஓட்டியது. மேட்டுக் கல்லூரிக்காரர்கள் ஐந்து பேரும் அவற்றைச் சுற்றிச் சுற்றிக் குதித்தார்கள். கொக்கு அடுத்த காலை இறக்கப் போகும் நேரம் பார்த்து, காரி பந்தை வாங்கினாள். அவள் எறியவில்லை. கழுத்தை நீட்டிக் கூடையில் வைத்தாள்.

மறுபடி பந்து. மறுபடி ஓட்டம். மறுபடி அது தெறித்தது. மறுபடி காரி வைத்தாள்.

"அண்ணே," என்று செம்பி மூச்சிரைக்க வந்தாள். "நாம் எவ்வளவு சீக்கிரம் எறிகிறோமோ, அவ்வளவு சீக்கிரம் பந்து அவர்களுக்குப் போகிறது. கொஞ்சம் பார்த்து ஆடலாமே?"

"பார்த்துக்கொண்டிருந்தால் எப்போது ஆடுவது? ஓடு!"

அந்த நேரத்தில் மருளி நான்கு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்தாள். "எனக்கு இரண்டு சூரியன் தெரிகிறது. எதைப் பார்த்து ஆடுவது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாற்று ஆட்டக்காரனாக அவர்களிடம் இருந்தது எறும்புதின்னியான ஓர் அழுங்கு மட்டும்தான். சாதுவான பிள்ளை. ஆனால் யாராவது பக்கத்தில் வேகமாக வந்தால் பயந்து சுருண்டு உருண்டையாகிவிடுவான். அவன் களத்தில் கால் வைத்ததுதான் தாமதம், ஐந்து எருமைகளையும் நான்கு சூறாவளிகளையும் பார்த்துச் சுருண்டான்.

ஓடி வந்த அணில் உருண்டையைப் பார்த்தது. எடுத்தது. துடியனிடம் வீசியது. துடியன் கண்ணிமைக்கும் நேரத்தில் எறிந்தான். மிக அழகாகக் கூடைக்குள் விழுந்தது!

"போட்டாச்சு!" என்று குதித்தான் துடியன்.

"செல்லாது," என்றது கொக்கு. "நீ போட்டது ஆட்டக்காரனை. பந்து அங்கே இருக்கிறது."

பந்தை அங்கே காரி மேட்டுக் கல்லூரி காக்க வேண்டிய கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் இங்கேயே இருந்துகொள்ளட்டுமா? அமைதியாக இருக்கிறது," என்று கூடைக்குள்ளிருந்து அழுங்கின் குரல் வந்தது. அவனை இறக்குவதற்கு மந்திகள் வர வேண்டியதாயிற்று.

இரு மடங்காக இருந்த முன்னிலை தேய்ந்து தேய்ந்து ஒரே ஒரு புள்ளியாகிவிட்டது. சூரியன் மலைக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பந்து துடியன் கையில் இருந்தது. கொக்கு அப்போதுதான் கால் மாற்றியிருந்தது.

செம்பி பாய்ந்து வந்தாள். "அண்ணே, ஓடாதீர்கள்! கொக்கு மறுபடி கால் மாற்றுவதற்குள் சூரியன் இறங்கிவிடும். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். நாம் ஜெயித்துவிடுவோம்!"

துடியனுக்குப் புரிந்தது. காதைவிட உயரமான சாணிக் குவியல் கண்முன் வந்தது. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஆமாம், பிள்ளைகளே, துடியன் நின்றான்! மந்திகள்கூட வாயைப் பிளந்தன.

மூக்கு துடித்தது. காது துடித்தது. வலது காலை இடது காலால் மிதித்துக்கொண்டான்.

மறுகோடியில், மேட்டுக் கல்லூரி காக்க வேண்டிய கூடைக்கு அடியில் நின்றபடியே காரி குரல் கொடுத்தாள். "பாவம், தம்பி களைத்துவிட்டான். உட்கார்ந்துகொள், ராசா."

"யார் களைத்தது?"

"தப்பில்லை, தம்பி. காலையிலிருந்து ஓடுகிறாய். ஏய் பசங்களா, வழிவிடுங்கள். அவன் காற்று வாங்கட்டும்."

மற்ற நான்கு எருமைகளும் விலகின. துடியனுக்கு முன்னால் நேர்பாதை திறந்தது. பாதையின் முடிவில் எருமைகளின் கூடை, காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லாமல், காலியாகத் தொங்கியது.

"வேண்டாம் அண்ணே, அங்கே பார்க்காதீர்கள்!" என்று செம்பி கத்தினாள்.

"நேற்றைய துடியனாக இருந்தால் இந்நேரம் இரண்டு தடவை போட்டிருப்பான்," என்று காரி பெருமூச்சு விட்டாள்.

துடியன் முடிவெடுக்கவில்லை. அவன் கால்கள் முடிவெடுத்தன. இடது கால் வழுக்கியது, வலது கால் விடுபட்டது, அவ்வளவுதான். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடினான்! எறிந்தான்!

பந்து கூடையின் விளிம்பில் 'டங்' என்று மோதி, வந்த வேகத்துக்கு இரண்டு பங்கு வேகத்தில் திரும்பியது. துடியனின் தலைக்கு மேலே பறந்தது. தரையில் விழுந்து குதித்தது. செம்பியின் காலடியில் உருண்டது. குனிய அவளுக்குத் தெம்பில்லை. அணில்கள் எட்டிப் பிடித்தன. பந்து அவர்கள் மீதே ஏறிப் போய்விட்டது. உருண்டு உருண்டு, மறுகோடியில் காரியின் குளம்பில் மெல்ல முட்டி நின்றது.

காரி ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை. கழுத்தை நீட்டிப் பந்தைக் கூடையில் வைத்தாள். இரண்டு புள்ளி.

சூரியன் மலையைத் தொட்டது.

மறுநாள் காலையில் துடியன் தன் அணியோடு துடைப்பமும் கூடையுமாக எருமை விடுதி வாசலில் நின்றான். உள்ளே பார்த்தான். மூக்கைப் பொத்தினான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

"கோடை முழுவதும் யார் இதைச் செய்வது? வேகமாகச் செய்தால் இன்றைக்கே முடித்துவிடலாம். கூட்டு! அள்ளு! கழுவு! ஓடு!"

உச்சிவேளைக்குள் அந்த விடுதி கண்ணாடிபோல ஆகிவிட்டது. தரையில் முகம் தெரிந்தது. துடியன் வாசலுக்கு ஓடி வந்து, "காரியக்கா! கோடை வேலை மொத்தமும் முடிந்தது!" என்று கூவினான்.

காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். அசைபோடுவதைக்கூட ஒரு கணம் நிறுத்தினாள்.

"அடேயப்பா! என்ன வேகம் தம்பி, உனக்கு!" என்று மனதாரப் பாராட்டினாள். பிறகு மேய்ச்சலை முடித்து வந்துகொண்டிருந்த மந்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எல்லோரும் உள்ளே வாருங்கள்! இடம் சுத்தமாகிவிட்டது!"

நீதி: ஓடத் தெரிந்தவன் முந்தலாம், நிற்கவும் தெரிந்தவன்தான் வெல்வான்.