இரண்டு தாய்மாமன்களும் ஒரு மாப்பிள்ளை வண்டியும்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று ஆறுச்சாமி சத்தியம் செய்தார். நடந்ததில் பாதியைத்தான் வெளியே சொல்கிறேன் என்று தெய்வசிகாமணி சத்தியம் செய்தார். இருவருக்கும் ஒரே தங்கையான பூங்கோதை, எந்த அண்ணன் சொல்வதில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டும் என்பதை நன்கறிந்தவளாகையால், எதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் மகள் யாழினிக்குக் கல்யாணம். அதற்கு முன் அன்று மாலையே மாப்பிள்ளை அழைப்பு. பொள்ளாச்சியில் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம்வரை மாப்பிள்ளையைப் பெண்ணின் தாய்மாமன் வண்டியில்தான் ஏற்றி வரவேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். தாய்மாமன் ஒருவர் என்றால் வழக்கத்தில் சிக்கல் கிடையாது. யாழினிக்கு இருவர். போதாததற்கு, இருவரும் அந்த ஆண்டுதான் புதிய கார் வாங்கியிருந்தார்கள்; அதுவும் ஒரே வகைக் கார். பார்வைக்கு நான்கு கதவும் டிக்கியும் உள்ள சாதுவான குடும்ப வண்டி. மூடியைத் திறந்தால் பந்தயத்துக்குப் போகிற எஞ்சின். கோயம்புத்தூரில் பம்புசெட் வார்ப்படப் பட்டறை நடத்தும் மூத்தவர் ஆறுச்சாமியினுடையது சிவப்பு. திருப்பூர்ப் பனியன்காரரான தெய்வசிகாமணியினுடையது நீலம்.

முன்பு ஒரு சீர்த்தட்டை யார் முதலில் தூக்குவது என்பதில் மூண்ட சண்டையால் அண்ணனும் தம்பியும் ஏழு ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள். அவர்களைப் பேச வைக்கப் பூங்கோதை நடந்த நடை கொஞ்சமல்ல. இப்போது ஒரு வண்டியைத் தேர்ந்தால், மற்ற வண்டிக்காரர் முகூர்த்தத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார். இரண்டு அண்ணன்களும் மணமேடையில் நிற்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் பூ ஜோடனைக்கார இரத்தினம் மல்லிகைச் சரங்களோடு வீட்டு வாசல் பந்தலில் வந்து உட்கார்ந்துவிட்டார். எந்த வண்டி என்று உடனே சொன்னால்தான் மாலைக்குள் கட்டி முடிக்க முடியும் என்பது அவர் நியாயம்.

எது நல்ல வண்டி என்று பார்த்து அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆறுச்சாமி பெருந்தன்மையோடு தொடங்கினார். பந்தயச் சாலையில் எவனும் ஓட்டுவான். தினம் பட்டறைக்குப் போய்வர எது தாங்குகிறது என்பதல்லவா கேள்வி? தம் வண்டியின் ஆக்ஸிலேட்டரைத் தாம் மிதிப்பதே இல்லை, மிதிக்கலாமா என்று நினைத்தாலே போதும் என்றார். போன வாரம் உக்கடத்தில் ஒரு டீ வாங்கிக் கையில் பிடித்தபடி கிளம்பினாராம். பொள்ளாச்சி வந்து ஒரு வாய் குடித்தபோது நாக்கு வெந்துவிட்டதாம். நாற்பது கிலோமீட்டர் வந்தும் சூடு இறங்கவில்லை.

டீ குடிக்க நேரம் கிடைத்ததே, அதுவே மெதுவான வண்டிக்கு அடையாளம் என்று தெய்வசிகாமணி வருந்தினார். அவர் மனைவி ஒருநாள் கல்லில் தோசை ஊற்றிய பிறகுதான் சட்னிக்குத் தேங்காய் இல்லை என்று பார்த்தாராம். இவர் திருப்பூரிலிருந்து பொள்ளாச்சித் தோப்புக்கு வந்து, நல்ல காயாக இரண்டு தட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு திரும்பி, தோசையையும் தாமே திருப்பிப் போட்டாராம்.

"தேங்காய உரிச்சது யாருங்க?" என்று இரத்தினம் கேட்டார்.

"ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பிடிச்சேன். காத்துலயே உரிஞ்சிருச்சு."

ஆறுச்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கிணத்துக்கடவு தாண்டும்போது திரும்பிப் பார்த்தால் தம் வண்டியின் நிழலைக் காணோம் என்றார். எங்கேயோ பின்தங்கிவிட்டது. நிழலில்லாத வண்டியை ஊருக்குள் கொண்டுபோனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று, ஓரமாக நிறுத்தி, அது வந்து சேரும்வரை ஒரு இளநீர் குடித்தாராம். வந்த நிழலுக்கு மூச்சு வாங்கியதைத் தம் காதால் கேட்டதாகவும் சொன்னார்.

வேகம் கிடக்கட்டும், வேகத்தடையில் என்ன ஆகிறது என்று தம்பி மடக்கினார். இந்த வகை வண்டிகளுக்கு வயிறு தரையோடு தாழ்ந்தது. நம் ஊர்த் தெருக்களில் வீட்டுக்கு ஒரு மேடு போட்டிருக்கிறார்கள். அடி உரசாமல் போக முடியாது. தம் நீல வண்டியோ வேகத்தடையைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளும் என்றார். சிவப்பு வண்டிக்கு அந்தத் தொல்லையே இல்லை, அது வருகிறது என்று தெரிந்தால் வேகத்தடையே படுத்துக்கொள்ளும் என்றார் அண்ணன். பெட்ரோல் விஷயத்திலும் அது சிக்கனமாம். மாதக் கடைசியில் டேங்க் நிரம்பி வழிவதால் பங்க்கில் கொண்டுபோய் இரண்டு லிட்டர் இறக்கிவிட்டு வருகிறாராம்.

"அந்த பங்க்குல நானும் போட்டிருக்கேன்," என்றார் தெய்வசிகாமணி. "அண்ணன் இறக்கின பெட்ரோல்தான் போலிருக்கு. வண்டி சத்தம் மட்டும் போட்டுச்சு, நகரவே இல்ல."

பந்தலில் சிரிப்பு எழுந்தது. ஆறுச்சாமி சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். சீர்த்தட்டுச் சண்டையன்றும் முதலில் வேட்டிதான் மடிந்தது என்பது பூங்கோதைக்கு நினைவிருந்தது. வெறும் சத்தம் எது என்று சீர்த்தட்டு தூக்கிய அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துபோனது என்று அவர் சொல்ல, தம்பியும் எழுந்தார். இரத்தினம் பூக்கூடையைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

பூங்கோதை கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவள். இருபத்தாறு ஆண்டுகளாகக் கடைசி வரிசையைக் குரல் உயர்த்தாமலே அடக்கிப் பழகியவள்.

"பெரியண்ணா, சின்னண்ணா, உட்காருங்க. எனக்கு ஒரே ஒரு கணக்குச் சொல்லுங்க," என்றாள். "கோவில்ல இருந்து மண்டபம் அறுநூறு மீட்டர். போன கல்யாணத்துல அதுக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆச்சு. முன்னால நாதஸ்வரம் வாசிச்சுட்டு நடக்கறாங்க. முக்குக்கு முக்கு நின்னு வாசிக்கறாங்க. அவங்களுக்குப் பின்னாலதான் வண்டி வரணும். உங்க வண்டி அந்த வேகத்துல போகுமா?"

இருவரும் உட்கார்ந்தார்கள். மணிக்கு அரைக் கிலோமீட்டர் என்ற வேகத்தைப் பற்றி இருவருமே அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. வம்பு அடங்கிவிட்டது என்றே பூங்கோதை நினைத்தாள். ஆனால் அது அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

உண்மையில் தம் வண்டியின் பெருமையே நிதானம்தான் என்று ஆறுச்சாமி மெல்ல ஆரம்பித்தார். தினமும் உக்கடம் நெரிசலில் ஓட்டுகிற வண்டி அல்லவா? ஒருநாள் காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு சிலந்தி முன் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவே வலை பின்னத் தொடங்கியது. பட்டறை போய்ச் சேர்ந்தபோது வலை முழுசாக இருந்தது. மூன்று ஈ மாட்டியிருந்தது.

சிலந்தியாவது அது வண்டி என்று தெரிந்து ஏறியது என்றார் தெய்வசிகாமணி. அவர் அவினாசி சாலையில் நாலாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது, வீட்டுவரி வசூலிக்கும் ஆள் ஒருவர் வந்து முன்கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனாராம். அது கட்டடமல்ல, ஓடுகிற கார் என்று இவர் உள்ளிருந்து எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லையாம்.

அண்ணனுக்கு இப்போது வேகம் பிடித்துவிட்டது. போன ஆடியில் பட்டறை வாசலைத் தாண்டும்போது ஒரு பூசணிக்கொடி பம்பரைப் பற்றிக்கொண்டது என்றார். ரிவர்ஸ் எடுத்து வளாகத்துக்குள் நிறுத்துவதற்குள் அது பானெட்டின்மேல் படர்ந்து பூத்துக் காய்த்துவிட்டது. பொங்கல் கூட்டுக்கு அந்தப் பூசணியைத்தான் அரிந்தார்கள்.

"ஆடியில ஏறின கொடி, தையிலதானுங்களே கூட்டு ஆச்சு?" என்றார் இரத்தினம், ஏதோ கணக்குப் போட்டபடி.

"அதுவரைக்கும் ரிவர்ஸ்லதான் இருந்தேன்."

இதைத் தாண்டி எங்கே போவது என்று தெய்வசிகாமணி பந்தல் கூரையைப் பார்த்து யோசித்தார். அப்போது, இதுவரை வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பூங்கோதையின் கணவர் நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். அவர் பேசுவது அபூர்வம். பந்தலே திரும்பிப் பார்த்தது.

"மச்சான், நம்ம கொட்டகையில ஒரு வண்டி இருக்குது. பதினோரு வருஷமா ஒரு அடி போகல."

அதை மிஞ்ச ஒருவராலும் முடியவில்லை. அதில் பொய்யே இல்லாததுதான் காரணம். யாழினியின் காதுகுத்துக்கு இந்த இரண்டு தாய்மாமன்களும் சேர்ந்து சீராகக் கொடுத்த பழைய வெள்ளைக் கார் அது. எஞ்சின் நின்றபின் விற்க மனமில்லாமல் நாச்சிமுத்து தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்.

பூங்கோதை கணவரை நன்றியோடு பார்த்தாள். பிறகு அண்ணன்களிடம் திரும்பினாள். அதுவும் தாய்மாமன் வண்டிதான், ஒருவருடையது அல்ல, இருவருடையதும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். டயருக்குக் காற்றடிக்க இரத்தினத்தின் ஆட்கள் போதும். ஸ்டியரிங்கை நாச்சிமுத்து பிடித்துக்கொள்வார்.

"அது ஸ்டார்ட்டே ஆகாதே அம்மிணி," என்றார் ஆறுச்சாமி.

"ஆக வேண்டாங்கண்ணா. இடப்பக்கம் நீங்க தள்ளுங்க. வலப்பக்கம் சின்னண்ணன் தள்ளட்டும்."

மாலையில் அப்படியே நடந்தது. மல்லிகை போர்த்திய வெள்ளைக் கார், உள்ளே மாப்பிள்ளை, முன்னால் நாதஸ்வரம், பக்கத்துக்கு ஒருவராகப் பட்டுவேட்டியும் வியர்வையுமாக இரண்டு தாய்மாமன்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. நேரே மாமன்களே மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், இப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் உருகிப்போனார்கள்.

மண்டபம் கண்ணுக்குத் தெரிந்தபோது ஆறுச்சாமி ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"கவனிச்சீங்களா மாப்பிள்ளை? என் பக்கம்தான் முந்திப் போகுது."

வலப்பக்கத்திலிருந்து தெய்வசிகாமணி, தாம் கொஞ்சம் பிடித்து நிறுத்துவதால்தான் அண்ணன் பக்கம் முந்துவது போலத் தெரிகிறது, கையை எடுத்தால் வண்டி உடுமலைக்கே போய்விடும் என்றார்.

ஆரத்தித் தட்டோடு எதிரே வந்த பூங்கோதை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் முந்தியிருந்தா வண்டி இந்நேரம் சாக்கடையில கிடக்கும். பேசாமத் தள்ளுங்க."