கீரைப் பாத்தியில் முளைத்த பிள்ளையார்

முன்னொரு காலத்தில், மழை வழி மறந்துபோன ஒரு நாட்டில், மல்லிகை வாசம் இல்லாமல் கண் விழிக்காத ஒரு ராஜா இருந்தார். பெயர் கோதண்டவர்மர். மூன்று வருஷமாக வானம் பொய்த்து, ஊருக்கே குடிதண்ணீர் தந்த ஏரி முழங்கால் ஆழத்துக்கு வற்றிவிட்டது. ராஜாவுக்கும் கவலைதான். நந்தவனத்தில் உலாவியபடியே கவலைப்படுவார். அந்த நந்தவனத்துக்கு நாள்தோறும் நாற்பது வண்டித் தண்ணீர் ஏரியிலிருந்து போனது மட்டும் அவர் கவலையில் சேரவில்லை.

ஒரு நாள் சபையைக் கூட்டி, ஏரியைக் காப்பாற்ற வழி கேட்டார். நந்தவன அதிகாரி அம்பலவாணர் ஓலையும் கையுமாக எழுந்தார். வெட்டவெளியில் எந்தச் செடிக்கும் எவரும் தண்ணீர் விடக்கூடாது. விட்டால் நிலம் பறிமுதல். மனிதர் குடிக்கலாம், மாடு குடிக்கலாம், சாமிக்கு அபிஷேகம் செய்யலாம். அவ்வளவுதான். ராஜா முத்திரை வைத்தார். அரண்மனைக்கு விலக்கு என்று அதில் ஒரு வரி இல்லை. அரண்மனையை யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்!

மறுநாளே அங்காயி மாட்டிக்கொண்டாள். கீழத்தெருவில் நாலு பாத்தி கீரை போட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறவள். அரிசி களைந்த தண்ணீரைத் தண்டுக்கீரைக்கு ஊற்றினாள் என்று காவலர்கள் பிடித்தார்கள். மூன்றாம் நாள் நிலத்தை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சபை விகடகவி தாண்டவனிடம் ஓடிவந்து அழுதாள்.

"அந்தத் தண்ணிய தெருவுல ஊத்தியிருந்தா குத்தமில்லையாம். கீரையில ஊத்துனதுதான் குத்தமாம். இது என்ன நாயமுங்க?"

தாண்டவன் அரசாணையை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, உன் வீட்டில் மாடு இருக்கிறதா என்றான்.

நம் பக்கத்தில் பிள்ளையாருக்குச் சிற்பி வேண்டாம். ஒரு பிடி சாணியைப் பிடித்து, உச்சியில் அறுகம்புல்லைச் செருகினால் போதும், அவர் வந்து உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் நாள் காவலர்கள் வந்தபோது கீரைப் பாத்தி நடுவே பிள்ளையார் ஒரு குடம் அபிஷேகம் வாங்கிக்கொண்டிருந்தார். காவலர்கள் செருப்பைக் கழற்றி, தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊரெல்லாம் பிள்ளையார். கத்தரிப் பாத்தியில் ஒருவர், மிளகாய்ப் பாத்தியில் ஒருவர். ராஜாவைச் சிரிக்கவைக்கிறவன் என்பதால் தாண்டவன்மேல் அம்பலவாணருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். இதுதான் சமயம் என்று ராஜாவிடம் போய், எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்த வேலை என்று மூட்டிவிட்டார். ராஜா தாண்டவனை அழைத்து, அரசாணையைக் கேலி செய்ததற்குத் தக்க பதில் சொல், இல்லையேல் நாட்டைவிட்டுப் போ என்றார்.

அம்பலவாணர் முந்திக்கொண்டார். "அரசே, காலையில் பிடித்த பிள்ளையார் மாலைக்குள் கரைந்து செடிக்கு எருவாகிவிடுகிறார். இது பக்தியா, விவசாயமா என்று இவனைக் கேளுங்கள்."

"பிள்ளையாரைப் பிடிப்பவர்களும் நாம்தான், கரைப்பவர்களும் நாம்தான், மன்னா," என்றான் தாண்டவன். "அரண்மனைப் பிள்ளையாரும் சதுர்த்தி முடிந்தால் கரையத்தானே செய்கிறார்? அடியேனுக்கு ஒரே ஒரு சந்தேகம். நந்தவனத்தில் தினமும் நாற்பது வண்டி அபிஷேகம் நடக்கிறதே, அங்கே பிள்ளையார் எங்கே இருக்கிறார்? இல்லையென்றால், தங்கள் முத்திரைப்படி நந்தவனம் பறிமுதல்."

அம்பலவாணர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மனுஷர் பதறிப்போய், மல்லிகைப் பந்தலுக்குக் கீழே பிள்ளையார் இருக்கிறார் என்று உளறிவிட்டார். அப்படியா, இப்போதே கும்பிடவேண்டும் என்று ராஜா எழுந்தார். வழியைப் பெருக்கிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்பலவாணர் முன்னால் ஓடினார்.

ராஜாவும் சபையும் போய்ப் பார்த்தால், அதிகாரி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலடியில் சேற்றோடு மல்லுக்கட்டுகிறார். மாடு நுழையாத நந்தவனத்தில் சாணிக்கு எங்கே போவது? ஒரு பிடி பிடித்தாலே போதும் என்பதுகூடத் தெரியாமல், அவசரத்தில் தும்பிக்கை செய்யப்போக, அது அவர் கையோடு வந்துவிட்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்து கீழே பார்த்தார். தன் பாதம் தண்ணீரில் முழுகியிருந்தது. ஏரியில் முழங்கால் ஆழம், மல்லிகைப் பாத்தியில் கணுக்கால் ஆழம். அவருக்கு வெட்கமாகிவிட்டது. தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"இந்தப் பிள்ளையாருக்கும் அங்காயியின் பிள்ளையாரைப் போலவே ஒரு குடம் போதும், மன்னா."

அன்றோடு நாற்பது வண்டிகளும் நின்றன. நந்தவனத்துக்கான அந்த ஒரு குடத்தை ஏரியிலிருந்து சுமந்துவரும் கைங்கரியம் அம்பலவாணர் தலையில் விழுந்தது. வீட்டுத் தோட்டங்களுக்கு நாளுக்கு ஒரு குடம் ஊற்றலாம், சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று ஆணை திருத்தப்பட்டது. ராஜாவே அதைக் கீழத்தெருவுக்குப் போய் அங்காயியிடம் சொன்னார். நிலம் உன்னுடையதுதான், இனிப் பிள்ளையார் பிடிக்கவேண்டிய அவசியமில்லை என்றார்.

அங்காயி கும்பிட்டாள். பிறகு கையிலிருந்த சாணியைப் பாத்தி நடுவில் வைத்து, புல்லைச் செருகினாள்.

"இருக்கட்டுங்க மகாராஜா. அவரு வந்த பொறவுதான் கீரை நல்லா தழையுது."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.