மிச்சம் வைத்த பாதச் சுவடு

தாண்டவநல்லூர் ஆடவல்லார் கோயிலில், ஆடி முடித்தவர்களின் காலடியைத் துடைப்பதையே திருத்தொண்டாகக் கொண்டு வாழ்ந்தவர் அகிலாண்டத்தம்மையார். மாதந்தோறும் திருவாதிரையன்று மாலையில் அக்கோயிலின் கல்மண்டபத்தில் பெண்கள் வந்து பரதம் ஆடுவார்கள். காலில் பூசிய சிவப்புச் சாயம் வியர்வையில் கரைந்து, கல்லெங்கும் பாதம் பாதமாகப் பதிந்துவிடும். கூட்டம் கலைந்ததும் அம்மையார் வாளியும் துணியுமாக மேடை ஏறுவார். ஒரு சுவட்டையும் மிதிக்கமாட்டார். மண்டியிட்டுப் பின்னோக்கி நகர்ந்தபடி, ஒவ்வொன்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகே துடைப்பார். ஆடுவது பெண்தான், ஆட்டுவிப்பவர் உள்ளே இருக்கிறாரே என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குத்துவிளக்கின் அருகே உள்ள ஒரே ஒரு சுவட்டை மட்டும் மறுநாள் காலைவரை துடைக்காமல் விட்டுவைப்பார். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'போகிறேன்' என்று சொல்லலாமா? 'போய்வருகிறேன்' என்றல்லவா சொல்லவேண்டும்? ஆட்டமும் அப்படித்தான், ஒரு சுவடு மிஞ்சினால்தான் திரும்பி வரும் என்பது அம்மையாரின் எண்ணம். சாத்திரம் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நமக்கென்னவோ சரியாகத்தான் படுகிறது.

கொரோனா வந்த ஆண்டு, ஆட்டம் முடியுமுன்பே கோயிலை மூடச் சொல்லி அதிகாரிகள் வந்து நின்றார்கள். கிளம்பு, கிளம்பு என்று விரட்டிய விரட்டில் அம்மையார் அத்தனை சுவடுகளையும் துடைத்துவிட்டார். வீட்டு வாசலை மிதித்தபோதுதான் நினைவு வந்தது. ஓடோடித் திரும்பினார். கதவு பூட்டிக் கிடந்தது.

அதோடு ஆட்டம் நின்றது. சலங்கைச் சத்தமே அந்த மண்டபத்தில் இல்லாமல் போயிற்று. உலகத்தையே முடக்கிப்போட்ட நோய்க்கு ஓர் ஈரத்துணியா காரணம் என்று நாம் கேட்கலாம். அம்மையாரின் மனம் அதை ஏற்கவில்லை. தம் கையால் ஆண்டவனின் ஆட்டத்தை அழித்துவிட்டோம் என்றே அவர் நம்பினார்.

இரண்டாம் அலையில் அவருடைய கணவர் கலியமூர்த்தி இறந்துபோனார். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தவர் அவர். ஊரார் கழுத்துக்கெல்லாம் மாலை கட்டியவருக்கு ஒரு முழம் பூ போடவும் முடியவில்லை. முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. காரியம் முடிந்த மறுநாளே அம்மையார் வாளியோடு கோயிலுக்கு வந்தார். நித்திய பூசைக்கு வந்த குருக்கள் பக்கவாசலைத் திறந்துவிட்டார். அன்றுமுதல், யாரும் ஆடாத மேடையை அவர் தினமும் துடைத்தார்.

சைக்கிள் ஸ்டாண்டு தங்கராசுக்குப் பொழுது போகவேண்டாமா? "நீ தொடச்ச தொடப்புலதான் ஊரே அடங்கிப்போச்சு. இன்னும் என்னத்த ஆத்தா தேய்க்கிற?" என்று ஒருநாள் கேட்டான்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலிருந்தது. ஆயினும் அம்மையார் கோபிக்கவில்லை. "சாமி ஆட வர்றப்ப மேடை சுத்தமா இருக்கணும்ல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஒருவழியாக, மீண்டும் ஆடலாம் என்று உத்தரவு வந்தது. மாசித் திருவாதிரைக்கு ஊர் திரண்டது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தாலும், அத்தனை கண்களிலும் சிரிப்பு இருந்தது. ஆனால் விழாக்குழுச் செயலாளர் பஞ்சநதம், நோய்க்குப் பயந்து, மேடையின் நடுவில் கனத்த கம்பளம் ஒன்றை விரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்லர். தம் அண்ணனைப் பறிகொடுத்தவர். ஆடி முடித்ததும் சுருட்டி எடுத்துவிடலாம், துடைக்க ஆள் வேண்டாம் என்றார். கம்பளத்தில் சுவடு ஏது? அன்று விடாத ஒன்றை இன்றாவது விட்டுவைக்கலாம் என்று இத்தனை காலம் காத்திருந்த அம்மையார், உலர்ந்த துணியோடு தூணோரம் நின்றுவிட்டார்.

"என் கையால அழிச்சேன் சாமி. இப்ப என் கைக்கு வேலையே இல்லாம போச்சு. நீங்கதான் பாத்துக்கணும்" என்று கண்மூடி வேண்டிக்கொண்டார்.

ஆட வந்த பெண் சுகிர்தா. பூமியைத் தொட்டு வணங்கி அவள் முதல் அடி வைத்ததும், சலங்கை ஒலி கேட்டுப் பலர் அழுதேவிட்டார்கள். ஆனால் அவள் கால்களோ கம்பளத்தின் நடுவைவிட்டு நகரவில்லை. இரண்டு ஆண்டுகள் சின்ன அறையில், போனின் முன்னால் ஆடிப் பழகியவள். கொஞ்சம் விலகினாலும் படத்தில் தெரியமாட்டோம் என்ற பயம் காலில் ஏறியிருந்தது. கைதட்டல் அடங்கியதும் தூணருகே வந்து கண்கலங்கினாள். "இவ்வளவு பெரிய மேடை இருந்தும், விளக்குப் பக்கம்கூட என்னால போக முடியலம்மா" என்றாள்.

அப்போதுதான் மேடையிலிருந்து பஞ்சநதத்தின் குரல் கேட்டது. கம்பளத்துக்கு வெளியே, குத்துவிளக்கின் அருகே, வெறும் கல்லில் ஒரு சிவந்த பாதம் பதிந்திருந்தது. ஈரம் காயவில்லை. சுகிர்தா அதன் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தாள். சுவடு மிகப் பெரிதாக இருந்தது. சாயம் பூசிய கால் அவளுடையதைத் தவிர அன்று வேறில்லை. கல்லில் பதிந்திருந்ததும் வலது பாதம் ஒன்றுதான்.

"ஒத்தக் காலால யாரு வந்து நிக்க முடியும்? இடது கால் எங்க?" என்று பஞ்சநதம் குழம்பினார்.

குருக்கள் கற்பூரத் தட்டோடு சந்நிதியைப் பார்த்துத் திரும்பினார். "இடது காலை அவர் என்னிக்குய்யா கீழ வெச்சார்?"

தூக்கிய திருவடியோடு ஆடவல்லார் சிரித்துக்கொண்டிருந்தார். பஞ்சநதம் தாமே குனிந்து கம்பளத்தைச் சுருட்டினார். அகிலாண்டத்தம்மையார் மேடை ஏறி, மண்டியிட்டு, அந்தச் சுவட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். துணியை எடுக்கவில்லை.

"போயிட்டு வாங்க சாமி" என்றார்.

அடியார் ஒருநாள் மறந்த தொண்டைத் தானே வந்து செய்து முடித்தான் ஆண்டவன். காலடி துடைத்தே அவன் திருவடியைக் கண்ட அம்மையாரை நாமும் வணங்குவோம்.