மூலை பார்த்த அண்ணாச்சி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் இப்போதே சிரித்துவிடக் கூடாது. ஐகோர்ட்துரை அண்ணாச்சிக்கு விளங்கட்டும், அதுவரை வாயை மூடிக்கொண்டு இருப்போம்.

தூத்துக்குடியில் கல்யாணப் படம் எடுப்பவர் ஹெப்சிபா டீச்சர். அவரைவிட வயதில் மூத்த அண்ணாச்சி, லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அவரிடம் சீடராகச் சேர்ந்திருந்தார்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி ஒரு பார்சலோடு ஸ்டுடியோவுக்கு வந்தார்.

“என்ன அண்ணாச்சி இது?”

“என் ஒரே லென்ஸு டீச்சர். மதுரையில ஒருத்தரு தன் லென்ஸைத் தந்துட்டு இதை எடுத்துக்கிடுதேன்னாரு. கூரியர்ல போட்டுட்டு வாரேன்.”

“இதுக்கு என்ன கேடு?”

“படத்துல மூலையெல்லாம் கலங்குது. அவரு லென்ஸு படத்தை நெட்ல பாத்தேன். துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

“எவ்வளவு பெரிய படம்?”

அண்ணாச்சி ஃபோனை நீட்டினார். தீப்பெட்டி அளவில் ஒரு பூனை.

“இதுல மூலை தெரியுதா?”

“பழகின கண்ணுக்குத் தெரியும் டீச்சர்.”

டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு பேர் எடுக்கிற படங்களும் அதில்தான் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் ஃபோனுக்கு ஒரு குட்டிப் படம் வந்தது. சர்ச் கல்யாணம். பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் கன்னம் உப்ப டிரம்பெட் ஊதுகிறார்.

“இது எந்த லென்ஸு? சொல்லுங்க.”

அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“சந்தேகமே இல்லை. மதுரைக்காரர் வச்சிருக்க அதே லென்ஸு.”

“பெருசு பண்ணிப் பாருங்க.”

விரலால் விரித்தார்.

“கட்டம் கட்டமா வருது.”

“கட்டம் எப்படி இருக்கு?”

“நல்ல கட்டம் டீச்சர். என் லென்ஸுல இப்படி வராது.”

இப்போதும் சிரிக்கக் கூடாது. பொறுங்கள்.

டீச்சர் அதே படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் முழு அளவில் திறந்தார். அண்ணாச்சி மேல் மூலைக்குப் போனார். சர்ச் சுவரில் ஒரு கீறல். கீழ் மூலைக்கு வந்தார். வாத்தியக்காரரின் ஷூவில் தையல்.

“நூலு நூலாத் தெரியுது பாத்தீங்களா? இதுக்குத்தான் நான் கிடந்து அடிச்சுக்கிடுதேன்.”

“நாலு மூலையும் பாத்தாச்சா?”

“ஆச்சு.”

“நடுவுல?”

“நடுவுல எல்லா லென்ஸும் நல்லாத்தான் இருக்கும். அதை யாரு பாப்பா?”

“சும்மா பாருங்க.”

நடுவில் டிரம்பெட்டின் வாய் அகலமாகப் பளபளத்தது. அதற்குள் சர்ச் முற்றம் வளைந்து கிடந்தது. முற்றத்தில் ஒரு ஆள் முழங்காலிட்டிருந்தார். முகத்தைக் கேமரா மறைத்திருந்தது.

“எவனோ படம் எடுக்கான் டீச்சர். சட்டைப் பையில சிவப்புச் சீப்புகூடத் தெரியுது. என்னா லென்ஸு.”

“சீப்பை விடுங்க. ஆளைப் பாருங்க.”

அண்ணாச்சி திரையில் மூக்கு முட்டக் குனிந்தார்.

“தொப்பையைப் பாருங்க, பேலன்ஸுக்கு ஒரு கையைத் தரையில ஊனிக்கிட்டு. இவனுக்கெல்லாம் யாரு டீச்சர் கேமரா குடுத்தா?”

டீச்சர் அண்ணாச்சியின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி அந்தப் பார்வையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் பையைப் பார்த்தார். பிறகு திரையை. கை மெதுவாக மேலே போய்ச் சிவப்புச் சீப்பைத் தொட்டது.

“டீச்சர்…”

“கத்திரிக்கோல் மேசையில இருக்கு அண்ணாச்சி. பார்சலைப் பாத்துப் பிரிங்க.”