பவுனம்மாள் மூடிவைத்த இட்லி

குன்னூரில் பவுனம்மாள் ஐந்து பேர் குடும்பமாகக் குடியிருந்த வாடகை வீட்டுச் சுவர் ஈரம் கசிந்து அழுத அழுகையில், அதில் மாட்டியிருந்த காலண்டர் முருகனுக்கே சளி பிடித்துவிட்டது. நம்பாதவர்கள் பக்கத்தில் நிற்கும் மயிலைக் கேட்டுக்கொள்ளலாம்.

வடக்கு ஜன்னல் வழியாகச் செல்வம் வெளியே போய்விடும் என்று எவனோ வாஸ்துக்காரன் சொல்லக் கேட்டு, வீட்டிலிருந்த ஒரே ஜன்னலையும் ஆணியடித்து மூடியிருந்தார் வீட்டுக்காரர் சிங்காரவடிவேலு. ஒருநாள் அவரே வந்து தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஏம்மா, அஞ்சு பேரும் மூச்சு விட்டு விட்டே என் சுவரைக் கெடுத்துட்டீங்க! வெள்ளிக்கிழமைக்குள்ள அது காயணும். ஜன்னல்ல கை வைக்கக் கூடாது. காயலேன்னா வீட்டைக் காலி பண்ணு!"

"சரிங்கய்யா. அன்னிக்குக் காலைப் பலகாரம் நம்ம வீட்டுலதான்" என்றாள் பவுனம்மாள்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் நாலு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இட்லி என்றால் அவருக்கு உயிர். பவுனம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். மூடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே இட்லியெல்லாம் கூழாகக் கிடந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று குதித்தார் அவர். "சுடுஇட்லியை யாராவது இப்படி இறுக்கி மூடுவாங்களா? ஆவி போக வழி விடாம மூடினா வேர்த்துக் கொட்டாதா? இட்லி என்ன பண்ணும் பாவம்!"

"அதேதாங்கய்யா. நாங்க அஞ்சு பேரும் அந்த இட்லி. மூடினது நீங்க."

சாட்சிக்கு வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஆணி பாதி தானே கழன்றது. மீதியைச் சிங்காரவடிவேலு பிடுங்கினார். காலி பண்ணும் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

ஜன்னல் வழியே செல்வம் போனதோ என்னவோ, ஈரம் போனது. முருகனுக்கும் சளி தேவலையாம்; மயில்தான் சொன்னது.