செம்முகக் குரங்கு தந்த அடையாளம்

குரங்கும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மனிதரின் ரத்தத்தில் எந்த அடையாளமும் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் ஆற்றின் வடகரையில் கொடிய காய்ச்சல் பரவியது. அங்கிருந்த செம்முகக் குரங்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"என் ரத்தத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது. அதைக் கண்டால் காய்ச்சல் கிட்டே வராது. வேண்டுமா?" என்று கேட்டது குரங்கு.

வடகரைக்காரர்கள் விரலைக் கீறி, குரங்கின் ரத்தத்தில் ஆளுக்கொரு சொட்டு வாங்கிக்கொண்டார்கள். காய்ச்சல் விட்டது. தென்கரைக்கு அந்த நோய் வரவில்லை. அவர்கள் வாங்கவும் இல்லை.

பிறகு தென்கரைப் பெண் மாதி, வடகரைப் பொன்னனைக் கட்டிக்கொண்டாள். முதல் பிள்ளை அப்பாவின் அடையாளத்தோடு நல்லபடியாகப் பிறந்தது. பிரசவத்தின்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிட்டது. அங்கே அந்நியரை உள்ளே விடாத காவலர்கள் இருந்தார்கள்.

"யார் நீ?"

"இவளுடைய பிள்ளையின் ரத்தம்."

"இந்த அடையாளம் இங்கே யாருக்கும் கிடையாதே."

அந்த ரத்தத்தை அழித்துவிட்டு, அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொண்டார்கள். மாதி மறுபடி கருவுற்றபோது அவர்கள் எதுவும் கேட்கவில்லை. கருப்பைக்குள்ளேயே புகுந்து தாக்கினார்கள். பிள்ளை உடம்பெல்லாம் மஞ்சளாகப் பிறந்து, பொழுது சாய்வதற்குள் இறந்தது.

மாதி குரங்கைத் தேடிப் போனாள். "என் காவலர்களை அதை மறக்கச் சொல்."

"கற்றதை அவர்கள் மறக்கமாட்டார்கள். கற்பதற்கு முன்னால்தான் ஏதாவது செய்யலாம்."

மாதி போகத் திரும்பினாள். பிறகு நின்று, "என் தங்கை ரங்கியும் வடகரையில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இது அவளுக்குத் தலைப்பிரசவம்" என்றாள்.

"அப்படியானால் பிள்ளை பிறந்த கையோடு உன் காவலர்களில் சிலரை அவளிடம் அனுப்பு. அவளுடைய காவலர்கள் பார்ப்பதற்குள், கலந்த ரத்தத்தை இவர்கள் துடைத்துவிடுவார்கள்."

"என் பிள்ளையைக் கொன்றவர்களையா அனுப்பச் சொல்கிறாய்?"

"அந்த அடையாளம் அவர்களுக்குத்தானே தெரியும்."

ரங்கிக்குப் பிரசவம் ஆனதும் மாதி கையைக் கீறித் தன் காவலர்களைக் கொடுத்தாள். ரங்கியின் இரண்டாவது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டு பிறந்தது. அதை முதலில் கையில் வாங்கியவள் மாதிதான்.

அன்று முதல்தான், ஒரு பெண் கருவுற்றதும் ரத்த வகை என்னவென்று கேட்கிறார்கள். அடையாளம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் பிள்ளை பிறந்தால் உடனே ஓர் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசிக்குள் இருப்பவர்கள், வேறு யாரோ ஒருவர் தன் கையை நீட்டிக் கொடுத்த காவலர்கள்.