யானைவால் மிளகும் பிரதானியின் எடையும்

இந்தக் கதையை முதலில் கேட்டபோதே ஓரிடத்தில் உதைத்தது. பல வருஷமாக உதைத்துக்கொண்டேதான் இருக்கிறது. சொன்னவர் மிளகுத் தரகர் காசிம் ராவுத்தர். மிளகில் மண்ணைக் கலந்தாலும் கலப்பார், கதையில் கலக்க மாட்டார் என்று பேர். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. இருக்கட்டும், முதலில் கதை.

கருமலைப் பாளையத்தை ஆண்ட பெருவழுதிராயர் மகா குண்டு. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. வருஷா வருஷம் முருகன் கோயிலில் துலாபாரம் நடக்கும். ஒரு தட்டில் ராயர். மறு தட்டில் அப்போதுதான் பறித்த பச்சை மிளகு. ராயர் பருக்கப் பருக்க, கோயில் மடப்பள்ளிக்குக் கொண்டாட்டம்.

ஒருநாள் ராயரின் தலைமை மந்திரியான பிரதானி நாகலிங்கம் ஒரு மிளகுச் சரத்தைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார். முழ நீளம் இருந்தது.

"இதற்கு யானைவால் என்று பெயர், மகாராஜா. என் மைத்துனன் பதியன் போட்டு வளர்த்த கொடி. நம்மூர்க் கருங்கொடியில் ஒரு கூடை பறிக்கிற நேரத்தில் இதில் மூன்று கூடை பறிக்கலாம்."

ராயர் வாயைப் பிளந்தார். "அப்படியானால் கருங்கொடியை எதற்குக் கட்டி அழுகிறோம்? துலாபாரம் முடிந்ததும் மலை முழுக்க வெட்டிப் போடுங்கள். எல்லாரும் மைத்துனரிடம் பதியன் வாங்கி நடட்டும்."

சபையில் விகடம் பேசிப் பிழைக்கிற ஆவுடையப்பனும் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவன் மாமியார் பேச்சியம்மைக்கு இருந்ததெல்லாம் மலைச்சரிவில் ஒரு கருங்கொடித் தோட்டம்தான். அவன் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போயிருந்தது. சேதியைத் தொடர்ந்து மாமியாரும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. என் கொடிய வெட்டச் சொன்னப்ப நீங்களும் அங்கதானே நின்னீங்க? என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"ராஜாவச் சிரிக்க வச்சுக்கிட்டிருந்தேன், அத்தை."

"நல்லா வைங்க. கொடி போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் ஏது? இங்கயே வந்து இருந்துக்கிறேன். சாகிற வரைக்கும்."

அன்றிரவு ஆவுடையப்பன் யானைவாலையும் கருங்கொடியையும் மாற்றி மாற்றிக் கடித்துப் பார்த்தான்.

மறுநாள் சபையில் எழுந்து நின்றான். "மகாராஜா, யானைவாலைக் கடித்துப் பார்த்தேன். ஈர வைக்கோலைத் தின்கிற மாதிரி இருக்கிறது. கருங்கொடியைக் கடித்தால் மூக்கில் அருவி கொட்டுகிறது."

"காரம் அவரவர் நாக்கைப் பொறுத்தது," என்றார் பிரதானி. "இவன் நாக்கு பொய் பேசியே மரத்துப்போனது."

சபை சிரித்தது. ராயரும் சிரித்தார். "நாக்கை நான் நம்புவதில்லை அப்பா. தராசுதான் பொய் சொல்லாது."

"தராசே சொல்லட்டும்," என்றான் ஆவுடையப்பன். "இந்த வருஷத் துலாபாரத்தில் மகாராஜாவுக்கு எதிர்த் தட்டில் யானைவாலையே கொட்டுவோம். இவ்வளவு பெரிய நன்மை செய்த பிரதானியையும் தராசில் உட்கார வைக்க வேண்டாமா? அவருக்கு அந்த உதவாக்கரைக் கருங்கொடியே போதும். எப்படியும் வெட்டப்போகிற கொடிதானே!"

பிரதானிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராயரோடு தராசு ஏறுவது என்ன சாமானியமா? ஆள்தான் ஒல்லி. தட்டில் உட்கார்ந்தால் காற்றுக்கே ஆடுவார்.

துலாபாரம் நடந்தது. ராயருக்கு யானைவால் மலையாகக் குவிந்தது. பிரதானிக்குக் கருங்கொடி ஒரு சின்ன மேடு. "பார்த்தாயா!" என்று பிரதானி ஆவுடையப்பனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஆனால் மடப்பள்ளியில் பச்சை மிளகை அப்படியே வாங்கிக்கொள்கிற வழக்கம் இல்லை. கோயில் முற்றத்தில் வெயிலில் காயப்போட்டு, மலைத் தோட்டக்காரப் பெண்கள் முறை வைத்துப் புடைத்து, மறுபடி தராசில் ஏற்றிய பிறகுதான் காணிக்கை கணக்காகும். யாருடைய காணிக்கை கனமோ அவர் தலையில்தான் சாமியின் முதல் பரிவட்டம். இதுநாள்வரை ராயர் ஒருவரே கொடுத்ததால் போட்டி என்று ஒன்று வந்ததே இல்லை.

வெயில் தன் வேலையைக் காட்டியது. யானைவால் சுருங்கியது. முறத்தில் போட்டுத் தட்டினால் பாதி காற்றோடு போயிற்று. கருங்கொடி சுருங்கினாலும் ஈயக்குண்டு மாதிரி முறத்தைவிட்டு அசையவில்லை.

இரண்டையும் எதிரெதிர்த் தட்டில் ஏற்றினார்கள். பிரதானியின் தட்டு மெல்லக் கீழே இறங்கியது. ராயரின் தட்டு மேலே போய் நின்றுகொண்டது.

பட்டர் பாவம், வழக்கம் தெரிந்தவர். பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பிரதானியிடம் நடந்தார்.

பிரதானி பின்னால் பின்னால் போனார். "சாமி, எனக்கு வேண்டாம்! கிட்டே வராதீர்!"

"நாகலிங்கம்!" ராயர் கர்ஜித்தார். "என் நாட்டில் என்னைவிட நீ கனமான ஆளா?"

"ஐயோ, கிடையாது மகாராஜா!"

"அப்படியென்றால் சாமி தராசு பொய் சொல்கிறதா?"

"அபசாரம், அபசாரம்!"

ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "தராசும் பொய்யில்லை. மகாராஜாவும் குறைந்தவரில்லை. மிச்சம் இருப்பது மிளகு ஒன்றுதான். அதைப் பற்றிப் பிரதானியே தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை."

பிரதானி பரிவட்டத்தைப் பார்த்தார். ராயரின் மீசையைப் பார்த்தார்.

"சக்கை, மகாராஜா! யானைவால் வெறும் சக்கை! என் மைத்துனனும் சக்கை!"

ராயர் முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கியது. அது குலுங்கி அடங்க வெகுநேரம் பிடித்தது. "கொடியை வெட்ட வேண்டாம். உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"ஒரே ஒரு அரசாணை போதும், மகாராஜா. என் மாமியார் அவருடைய தோட்டத்திலேயேதான் இருக்க வேண்டும் என்று."

இந்த இடத்தில் ராவுத்தர் சிரித்துவிட்டு வெற்றிலைச் செல்லத்தை எடுப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். எனக்குத்தான் தராசு நிற்காது. யானைவால் சக்கை, சரி. ஆனால் ராயர் அத்தனை குண்டு, பிரதானி அத்தனை ஒல்லி. எந்த வெயில் காய்ந்தாலும் அவ்வளவு பெரிய மலை அந்தச் சின்ன மேட்டுக்குத் தோற்குமா? போன மாசம் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"ராவுத்தரே, அந்த வருஷம் ராயருடைய குவியலைப் புடைக்கிற முறை பேச்சியம்மைக்கா வந்தது?"